பனிக்கு வாங்கும் மேலுடையை மழையில் சோதித்தல்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்துகொண்டு பனிச்சறுக்கு உடையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஓசூர் சிப்காட்டிலும் பெங்களூரு அலுவலகங்களிலும் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் வத்தல்மலை, ஏலகிரி என்று ஏறி இறங்கும் இளைஞர்களில் சிலர், இமயமலை நடைப்பயணங்களை முடித்துவிட்டு, அடுத்த ஆசையாகக் காஷ்மீரின் குல்மார்க்கிலோ உத்தரகாண்டின் ஔலியிலோ பனிச்சறுக்குக் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் ஆண்டு அவர்களுக்குச் சிக்கல் இல்லை. குல்மார்க்கிலும் அதன் அடிவாரமான தங்மார்க்கிலும் கோட்டும் காலணியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பயிற்சித் தளத்தில் விழுந்து எழுவதற்கு அவை போதும். பயிற்சித் தளத்தை விட்டு வெளியே போக நினைக்கும் இரண்டாம் ஆண்டில்தான், சொந்தமாக ஒரு நீர்புகா மேலுடை வாங்க வேண்டும், எதை வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. இக்கட்டுரை அந்த நிலையில் இருப்பவர்களுக்கானது.

உடையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு செய்யப்போகும் காரியத்தை முடிவுசெய்துகொள்ள வேண்டும். குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவட வண்டி இரண்டு கட்டமாக, காங்டூரி வழியாக, அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அப்படி ஏறிப்போய், சீர்செய்யப்படாத ஆழமான பனியில் இறங்குவது ஃப்ரீரைட். பலகையின் அடியில், ஒரு திசையில் மட்டும் வழுக்கும் மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு, காலணியைப் பலகையோடு இணைத்தபடியே குதிகாலைத் தூக்கவிடும் பிணைப்புடன் மணிக்கணக்காகச் சொந்தக் காலில் ஏறி, உச்சியில் பட்டையை உரித்துவிட்டு இறங்குவது ஸ்கி டூரிங். முன்னதில் வியர்வை குறைவு. காற்றும், விழுதலும், உடைக்குள் புகும் தூள்பனியும் அதிகம். பின்னதில் நாளின் பெரும்பகுதி ஏற்றத்திலேயே கழிகிறது; கடினமான ஏற்றத்தில் உடல் வெளியேற்றும் வியர்வை மணிக்கு ஒரு லிட்டரைக்கூட எட்டலாம். இரண்டுக்கும் ஒரே உடை போதும் என்று விற்பனையாளர் சொல்லும்போது, அது இரண்டுக்குமே பாதிதான் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்க்காரர் கைக்கு எட்டக்கூடியவை, சுருக்கமாகச் சொன்னால், நான்கு வகை. முதலாவது, பஞ்சு வைத்துத் தைத்த பனிச்சறுக்கு ஜாக்கெட். மேல்துணியும், நீரைத் தடுத்து ஆவியை வெளியே விடும் சவ்வும் ஒட்டிய இரண்டு அடுக்கும், தனியாகத் தொங்கும் உள்துணியும் கொண்டது. சில ஆயிரம் ரூபாயில் பெங்களூருவின் பெரிய விளையாட்டுப்பொருள் கடைகளில் கிடைக்கும். இரண்டாவது, மடித்தால் கைக்குள் அடங்கும் இரண்டரை அடுக்கு மழை ஜாக்கெட். சவ்வின் உள்பக்கத்தில் துணிக்குப் பதிலாக மெல்லிய பூச்சு மட்டும் இருக்கும். மூன்றாவது, மேல்துணி, சவ்வு, உள்வலை ஆகிய மூன்றையும் ஒன்றாக ஒட்டிய மூன்றடுக்கு ஹார்ட்ஷெல். கோர்-டெக்ஸ் போன்ற சவ்வுகளோடு வருவது. விலை பல பத்தாயிரங்களில் ஓடும். நான்காவது, சிறிதளவு காற்றையும் ஊடுருவவிடும் சவ்வு கொண்ட மூன்றடுக்கு உடை. நியோஷெல், ஈவென்ட் முதலிய பெயர்களில் அறியப்படுவது. இவற்றோடு, நீர்புகா உடையே அல்லாத, நெகிழ்ந்து நன்றாக மூச்சுவிடும் துணியாலான சாஃப்ட்ஷெல்லையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது; அதற்கான காரணம் கீழே வரும்.

கடையில் உடையோடு தொங்கும் விவரச் சீட்டைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது மில்லிமீட்டர் எண்தான்: 5,000, 10,000, 20,000, 28,000. துணியின் மேல் எவ்வளவு உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் வந்தால் மூன்றாவது இடத்தில் நீர் கசிகிறது என்பதைக் காட்டும் எண் இது, ஐ.எஸ்.ஓ. 811 என்ற தரநிலைச் சோதனை அப்படித்தான் அளக்கிறது. சோதனைக்கூடத்தில் வைக்கப்படுவது புதிய துணித்துண்டு. தையலும் ஜிப்பும் தோள்பை வார் அழுத்தும் இடமும் அங்கே இல்லை. 10,000க்கு மேல் போன பிறகு, இந்த எண் கூடக்கூட நனைதல் குறையும் என்று நம்புவதற்கு நடைமுறையில் அதிகக் காரணம் கிடையாது. உறைபனியில் பொழிவது பெரும்பாலும் உலர்ந்த பனி, அது மழையைவிட எளிதாக உதிர்ந்துவிடும். எண்ணைப் பார்த்து விலை கொடுப்பவர் தேவைக்கு மேல் நீர்த்தடையையும் தேவைக்குக் கீழ் ஆவிப்போக்கையும் வாங்கி வரும் வாய்ப்பு அதிகம்.

ஆவிப்போக்குக்கும் ஓர் எண் தருகிறார்கள்: ஒரு நாளில் ஒரு சதுரமீட்டர் துணி வழியே எத்தனை கிராம் நீராவி போகிறது என்பது. இதை அளக்கப் பல முறைகள் உள்ளன. ஒரு முறையில் 10,000 காட்டும் துணி இன்னொரு முறையில் 20,000 காட்டும். ஆகவே இரண்டு நிறுவனங்களின் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆர்.இ.டி. மதிப்பு தரப்பட்டிருந்தால் அது ஓரளவு நம்பத்தக்கது. வியர்க்கும் தோலைப் போல ஈரப்படுத்திய சூடான தட்டின் மேல் துணியை வைத்து, ஆவிக்கு அது காட்டும் தடையை அளக்கிறார்கள். இங்கே எண் குறைந்தால் நல்லது. 6க்குக் கீழே இருப்பதை மிக நன்றாக மூச்சுவிடும் துணி என்று கொள்ளலாம்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு குழம்புவதைவிட, ஊரிலேயே சோதித்துப் பார்ப்பது பயன் தரும். நண்பர்களிடம் இரவலாகக் கிடைத்த வெவ்வேறு வகை ஜாக்கெட்டுகளை ஐப்பசி மழையில் வத்தல்மலைப் பாதையில் போட்டு ஏறிப் பார்த்ததிலிருந்தும், வீட்டுக் கொல்லையில் குழாயடியில் பிடித்துப் பார்த்ததிலிருந்தும், இங்கே எதைச் சோதிக்க முடியும், எதை முடியாது என்பது தெளிவாயிற்று.

குழாயடிச் சோதனை எளிது. ஜாக்கெட்டின் உள்ளே தோள், அக்குள், ஹூட்டின் நடுத்தையல் ஆகிய இடங்களில் பழைய செய்தித்தாளை மடித்து ஒட்டி, ஹேங்கரில் தொங்கவிட்டு, மேலே ஒரு பூவாளியால் கால்மணி நேரம் நீர் ஊற்ற வேண்டும். செய்தித்தாளில் நனைந்த கோடு எந்தத் தையலை ஒட்டி இறங்குகிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். நாங்கள் பார்த்தவற்றில் துணியின் நடுவே கசிந்தது ஒன்றுகூட இல்லை. கசிந்ததெல்லாம் ஜிப்பின் அடிமுனையிலும், தையல் துளைகளை மூட உள்ளே ஒட்டிய தையல்பட்டை ஓரம் தூக்கியிருந்த இடத்திலும், ஹூட்டிலிருந்து கழுத்துக்கு நீர் வழியும் மடிப்பிலும்தான். அடுத்து, ஈரச்சாக்கைத் தரையில் விரித்து அதன் மேல் பேன்டோடு மண்டியிட்டுச் சற்று நேரம் இருந்து பார்க்க வேண்டும். பனியில் பிணைப்பைச் சரிசெய்ய மண்டியிடும்போதும், கோண்டோலாவின் ஈர இருக்கையில் உட்காரும்போதும் நேர்வது இதே அழுத்தம். பின்னர், பனிச்சறுக்குத் தலைக்கவசத்தின் மேல் ஹூட்டை இழுத்து மாட்டி, தலையை இருபுறமும் திருப்ப வேண்டும். தலையோடு சேர்ந்து ஹூட்டும் திரும்பாவிட்டால், இறங்கும்போது ஒரு பக்கக் கண் துணிக்குள் போய்விடும். இந்த ஒரு சோதனையிலேயே இரண்டரை அடுக்கு மழை ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் விழுந்துவிடுகின்றன. அவற்றின் ஹூட் கவசத்துக்கு வெட்டப்பட்டதல்ல.

மலையேற்றச் சோதனையில் சமையலறைத் தராசு உதவியது. உள்சட்டையை ஏறும் முன்பும் ஏறி முடித்ததும் எடைபோட்டால், வெளியேறாமல் உள்ளே தங்கிவிட்ட வியர்வையின் அளவு கிராம் கணக்கில் கிடைக்கிறது. ஒரே ஆள், ஒரே பாதை, ஒரே தோள்பை என்று வைத்துக்கொண்டால் உடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பஞ்சு வைத்த ஜாக்கெட்டில் சட்டையைப் பிழிந்தால் சொட்டியது, அது எதிர்பார்த்ததே. இரண்டரை அடுக்கு அதற்கு அடுத்து நின்றது. வியப்பளித்தது, விலையுயர்ந்த ஹார்ட்ஷெல்லுக்கும் காற்றை ஊடுருவவிடும் உடைக்கும் இடையே எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லாமல் போனதுதான். அக்குள் ஜிப்பைத் திறந்து வைத்த ஹார்ட்ஷெல் இரண்டையும் வென்றது.

இந்த முடிவை அப்படியே குல்மார்க்குக்குக் கொண்டுபோகக் கூடாது. சவ்வு வழியே ஆவியைத் தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த வேறுபாடு. தோலருகே 33 டிகிரியில் நிறைந்த ஈரக்காற்றின் ஆவியழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். நம் ஊரில் மழை பெய்யும் 25 டிகிரிக் காற்றில் அது சுமார் 3.2. எஞ்சுவது இரண்டுக்கும் குறைவான வேறுபாடு. மழையில் எந்தச் சவ்வும் இங்கே சோம்பித்தான் கிடக்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் சட்டை நனையும். குல்மார்க்கில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியில் வெளிக்காற்றின் ஆவியழுத்தம் 0.3க்கும் குறைவு. கணக்குப்படி அங்கே சவ்வு இரண்டு மடங்குக்கு மேல் வேலை செய்ய வேண்டும். ஆனால் அந்தக் குளிரில் மேலுடையின் உள்பரப்பே ஏறத்தாழ உறைநிலைக்கு இறங்கிவிடுவதால், வெளியேற வேண்டிய ஆவி, இட்லிப் பானை மூடியின் உள்ளே நீர் திரள்வதைப் போல, சவ்வைத் தொட்டதும் நீராகிறது. இன்னும் குளிர்ந்தால் வெண்மையான உறைபனிப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. உச்சியில் ஜாக்கெட்டை உதறினால் உள்ளிருந்து பனி உதிரும். கசிந்துவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் பலருடைய உடையில் கசிவே இருக்காது.

இங்குதான் நான்காம் வகை தன் வேலையைக் காட்டுகிறது. அது காற்றோட்டத்தையே சிறிது அனுமதிப்பதால், ஆவி சவ்வின் பரப்பில் நின்று நீராவதற்கு முன்பே அதில் ஒரு பகுதி வெளியேறிவிடும். அதற்கு விலையும் உண்டு. அஃபர்வத் முகட்டில் காற்று வீசும்போது அதே நுண்துளைகள் வழியே குளிர் உள்ளே வரும். நீர்த்தடையும் இவற்றில் சிலவற்றில் சுமார் 10,000 அளவில்தான் இருக்கும். மணிக்கணக்கில் ஏறுபவருக்கு இது ஏற்கத்தக்க பேரம். கோண்டோலாவில் போய் முகட்டில் தோழர்களுக்காகக் காத்து நிற்கும் ஃப்ரீரைட் ஆளுக்கு வீண்.

ஏற்றத்துக்கு உண்மையான விடை, ஏறும்போது நீர்புகா உடையைப் போடாமலிருப்பதே என்பது என் கருத்து. பனி கொட்டாத நாளில் சாஃப்ட்ஷெல்லோடு ஏறிவிட்டு, மேலே போனதும் பைக்குள்ளிருந்து ஹார்ட்ஷெல்லை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்குவது டூரிங் செய்பவர்களிடையே நெடுநாள் பழக்கம். அப்படிச் செய்பவர் பைக்குள் சுமப்பதற்கு 300 முதல் 450 கிராம் வரையுள்ள மெல்லிய மூன்றடுக்கு ஜாக்கெட் போதும். மேல்துணி, நூலின் கனத்தைக் காட்டும் டெனியர் அளவில், 30 அல்லது 40 இருந்தால் சரி. ஃப்ரீரைட் ஜாக்கெட்டோ 500 கிராமுக்கு மேல், 70 டெனியரைத் தாண்டிய துணியில், இடுப்பைச் சுற்றி இறுக்கும் பனிப்பாவாடையோடு நீளமாக வரும். தூள்பனியில் தலைகுப்புற விழுந்தவர்களுக்கு அந்தப் பாவாடையின் அருமை தெரியும்.

ஊரில் சோதிக்க முடிந்தும் யாரும் சோதிக்காத ஒன்று, கோடையில் பீரோவுக்குள் உடை எப்படி இருக்கிறது என்பது. ஐரோப்பியர் ஒருவர் குளிர்காலம் முழுதும் அணியும் உடையை நம் ஊர்க்காரர் ஆண்டில் இரண்டு வாரம் அணிவார். மிச்ச நாளெல்லாம் அது ஷீட் போட்ட கூரையின் கீழோ, பரணிலோ, காரின் டிக்கியிலோ, கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் கிடக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு சிதைகிறது. பிசுபிசுக்கத் தொடங்கி, பிறகு செதில் செதிலாக உரிகிறது. இரண்டரை அடுக்கு உடைகளின் உள்பூச்சும், மலிவான ஜாக்கெட்டுகளின் தையல்பட்டையும் இப்படித்தான் அணியாமலேயே கெட்டுப்போகின்றன. மூன்றடுக்கு உடையிலும் பசையும் பட்டையும் உண்டு என்றாலும், சவ்வு இருபுறமும் துணிக்கிடையே காக்கப்படுவதால் அது நீண்ட காலம் தாங்குகிறது. என் பார்வையில், விலைக்கூடுதலை நியாயப்படுத்தும் வலுவான காரணம் இதுவே. சீட்டிலுள்ள எண்கள் அல்ல. வாங்கியதை வீட்டின் குளிர்ந்த அறையில், நன்கு காயவைத்து, மடிக்காமல் தொங்கவிட வேண்டும்.

உடையைக் கெடுக்கும் இன்னொன்று தலை எண்ணெய். 1969இல் ராபர்ட் கோர், டெஃப்லான் என்று அறியப்படும் பி.டி.எஃப்.இ. என்னும் பொருளை வேகமாக இழுத்து விரித்து நுண்துளைப் படலமாக்கினார். 1976இல் அது கோர்-டெக்ஸ் துணியாக விற்பனைக்கு வந்தது. தொடக்ககாலச் சவ்வுகள் உடல் எண்ணெய் படிந்து கசியத் தொடங்கியதால், பின்னர் உள்பக்கம் மெல்லிய பாலியூரித்தேன் படலம் சேர்த்தார்கள். சவ்வு இப்படிக் காப்பாற்றப்பட்டாலும், மேல்துணியில் நீர் முத்தாக உருண்டோடச் செய்யும் நீர்விலக்குப் பூச்சு எண்ணெய்க்கு இன்றும் பகை. முன்பு அப்பூச்சில் பயன்பட்ட ஃப்ளூரின் வேதிப்பொருள்கள் எண்ணெயையும் விலக்கின. அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தேங்குகின்றன என்பதால், அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019இல், நீடித்து நிற்கும் நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது; இப்போது வரும் உடைகள் பெரும்பாலும் ஃப்ளூரின் இல்லாப் பூச்சுடன் வருகின்றன. சூழலுக்கு நல்லதே, ஆனால் இந்தப் பூச்சு நீரை மட்டுமே விலக்கும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையும், சன்ஸ்கிரீன் பூசிய கழுத்தும் படும் ஹூட்டிலும் காலரிலும் அது விரைவில் செயலிழக்கிறது. மேல்துணி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் சவ்வு கசியாவிட்டாலும் ஆவி வெளியேறும் வழி அடைபட்டு, உடை கனத்து, உள்ளே சில்லிடும்.

ஆகவே புதிய பூச்சுள்ள உடையை வாங்குபவர் அடிக்கடி துவைக்கத் தயாராக இருக்க வேண்டும். துணிமென்மையாக்கி கூடவே கூடாது. சோப்புத்தூளின் எச்சமும் நீரை ஈர்க்கும். இதற்கென விற்கும் திரவத்தில் அலசி, காய்ந்த பிறகு மிதமான சூடு காட்டினால் பூச்சு ஓரளவு உயிர்பெறும். மேலே ஒரு துணியை விரித்து, மின்சார இஸ்திரிப்பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்துத் தேய்க்கலாம், உடையின் சீட்டு அதை அனுமதித்தால். தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிட வேண்டாம். கரிப்பெட்டியின் சூட்டுக்குத் தையல்பட்டை தாங்காது.

அளவு பற்றியும் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வெட்டில் வரும் பேன்டுகள் நம்மில் பலருக்கு நீளம் கூடுதலாக இருக்கும். ஊர்த் தையல்காரரிடம் கொடுத்துக் கீழே வெட்டலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கணுக்காலின் உட்பக்கத்தில் பலகையின் எஃகு விளிம்பு கிழிக்காமலிருக்கத் தைத்த தடித்த துணியும், காலணியைச் சுற்றி இறுக்கும் உள்பட்டையும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. வெட்டினால் அவையும் போகும், புதிய ஊசித்துளைகள் வழியே நீரும் வரும். குட்டையான கால் அளவு கிடைக்கும் நிறுவனத்தைத் தேடுவதே வழி.

பேன்டைப் பற்றிச் சொல்லும்போது, பட்ஜெட்டை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கும் வந்துவிடுகிறோம். பெரும்பாலோர் ஜாக்கெட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஏதோ ஒரு பேன்டை வாங்குகிறார்கள். பனியில் உட்காருவதும், மண்டியிடுவதும், விழுந்து சறுக்கிக்கொண்டு போவதும் இடுப்புக்குக் கீழேதான் நடக்கின்றன. ஜாக்கெட்டைக் கழற்றி வைக்கலாம், பேன்டை நடுமலையில் கழற்ற முடியாது. எனவே பேன்டுக்குக் கூடுதலாகவும் ஜாக்கெட்டுக்குக் குறைவாகவும் ஒதுக்குவதை நான் பரிந்துரைப்பேன். தொடைப்பக்க ஜிப் முழு நீளத்துக்குத் திறக்க வேண்டும்; ஏற்றத்தில் அதுவே காற்றோட்டம். மார்பு வரை ஏறித் தோளில் வார் மாட்டும் பிப் வகை, ஆழப்பனியில் இடுப்பு வழியே பனி புகாமல் காக்கும். பெண்கள் வாங்கும்போது, வாரை அவிழ்க்காமல் பின்பக்கம் திறக்கும் ஜிப் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். திறந்த மலைச்சரிவில் மேல்சட்டை முழுவதையும் கழற்றுவது நடக்கிற காரியமல்ல.

உடையில் தைத்து வரும் ரெக்கோ பிரதிபலிப்பான் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. மீட்புக் குழுவிடம் அதற்குரிய கருவி இருந்தால், பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட அது உதவும். ஆனால் அருகிலிருக்கும் தோழர் உடனே தேடுவதற்கு புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைபரப்பியும், குத்துக்கோலும், மண்வாரியும்தான் தேவை. அஃபர்வத் சரிவுகளில் பனிச்சரிவுகள் நிகழ்பவை. அந்தச் சின்னம் இருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட அந்தப் பணத்தை இவற்றின் வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி முடிவுக்கு வரலாம். கோண்டோலாவை நம்பி ஃப்ரீரைட் மட்டுமே செய்யப்போகிறவர், தடித்த மேல்துணியும், பனிப்பாவாடையும், அக்குள் ஜிப்பும் உள்ள மூன்றடுக்கு ஹார்ட்ஷெல்லையும் பிப் பேன்டையும் வாங்கட்டும். காற்றை விடும் சவ்வுக்கு அவர் செலவழிக்க வேண்டியதில்லை. டூரிங்கில் இறங்குகிறவர், ஏற்றத்துக்குச் சாஃப்ட்ஷெல் ஜாக்கெட், பைக்குள் மெல்லிய மூன்றடுக்கு ஜாக்கெட், காலுக்கு முழுப்பக்க ஜிப் உள்ள மூன்றடுக்கு பேன்ட் என்று பிரித்து வாங்கினால் மொத்தச் செலவு ஒரு உயர்ரக ஃப்ரீரைட் ஜோடியின் விலையைத் தாண்டாது. சாஃப்ட்ஷெல் நமது மலைகளில் மார்கழிக் காலையிலும் பயன்படும். இரண்டையும் செய்ய வேண்டும், கையில் இருப்பதோ ஒரே ஒரு உடைக்கான பணம் என்றால், பேன்டை டூரிங்குக்கு ஏற்றபடி வாங்கிக்கொண்டு, ஃப்ரீரைட் நாட்களுக்கு மட்டும் கனத்த ஜாக்கெட்டைக் குல்மார்க்கிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பஞ்சு வைத்த ஜாக்கெட் பயிற்சித் தளத்தோடு நின்றுவிடுகிறவருக்குப் போதும். இரண்டரை அடுக்கு உடையைப் பனிக்கென்று வாங்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர் அதை ஒகேனக்கல் சாரலுக்கும் தொப்பூர்க் கணவாய் மழைக்கும் போட்டுத் தீர்க்கலாம்.

வாங்குவதானால் ஐப்பசிக்கு முன்பு வாங்கிவிடுவது நல்லது. அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையில் தையலையும் ஜிப்பையும் ஹூட்டையும் சோதித்துப் பார்க்கவும், குறை தெரிந்தால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு, நல்ல பனி விழும் சனவரி, பிப்ரவரி மாதங்களுக்குத் தயாராகவும் நேரம் இருக்கும்.